தைரொயிட் என்றால் மனநோய்க் குளிசையை நிறுத்தலாமா?

யாழ்ப்பாணத்தில் இருந்து 27 வயது வாசகி ஒருவர் கொப்பித் தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய தங்கைக்கு 21 வயது. உயர்தரம் முடித்துவிட்டுக் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். இந்த வருடத் தொடக்கத்தில் நித்திரை குறைந்தது. பக்கத்து வளவில் தன்னைப் பற்றிக் கதைப்பது இரவு முழுக்கக் கேட்கிறது என்றார். பிறகு சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று சொல்லி, தன் கண் முன்னால் வெட்டிய இளநீரையும் தானே உரித்த வாழைப்பழத்தையும் தவிர எதையும் தொடவில்லை. கோயிலில் நூல் கட்டி, இரண்டு இடத்தில் பார்வை பார்த்து, ஒன்றரை மாதம் கழித்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை விடுதியில் இருந்தார். உளப்பிறழ்வின் தொடக்க நிலை என்று சொல்லி இரவில் ஒலன்சபின் 15 மில்லிகிராம் கொடுத்தார்கள். குரல்கள் நின்று இரண்டரை மாதமாகிறது. கிழமைக்கு ஒரு நாள் குழுவாக நடக்கும் சிந்தனைப் பயிற்சிக்கும் போகச் சொன்னார்கள். ஆறு தடவை போயிருக்கிறார். "அங்கே போய்த் தூங்கி விழுகிறாள், வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கும் தாளைத் திறப்பதே இல்லை" என்கிறார் அக்கா. ஆறு கிலோ நிறையும் கூடிவிட்டது.

இதற்கிடையில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் பார்த்திருக்கிறார்கள். ரி.எஸ்.எச் 7.2, அங்கே இயல்பளவு 0.55 முதல் 4.78 வரை. ஃப்ரீ ரி4 0.95, இயல்பளவு 0.89 முதல் 1.76 வரை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு இதைச் சொல்ல, அவர் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: உளப்பிறழ்வின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிந்தனைச் சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்பதற்கும் தைரொயிட் ஹோர்மோனுக்கும் தொடர்பு உண்டு என்று. வீட்டில் முடிவு கட்டியாயிற்று. இது தைரொயிட், மனநோய் இல்லை. ஒலன்சபினை நிறுத்தலாம், பயிற்சி வீண் அலைச்சல் என்கிறார் அப்பா. அம்மா தைரொயிட் குறைபாட்டுக்குப் பத்து வருடமாகத் தைரொக்சின் என்ற ஹோர்மோன் குளிசை எடுப்பவர். தன்னுடைய 50 மைக்ரோகிராம் குளிசை ஒன்றைப் பொடியாக்கி, மகளுக்குத் தெரியாமல் காலைத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி. வாசகிக்கே கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் "தைரொயிட்" என்று மட்டும் சொன்னால் போதாதா?

இனி உங்களுடன் நேரே கதைக்கிறேன், பிள்ளை. நீங்கள் எழுதிய ஒழுங்கில் பதில் சொல்லாமல், மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதில் இருந்து தொடங்குகிறேன்.

அந்தத் தேத்தண்ணி

அது நாளைக் காலையே நிற்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. இதய வருத்தம் இல்லாத 21 வயதுக்காரிக்கு ஒன்பது நாள் 50 மைக்ரோகிராம் தைரொக்சின் உயிராபத்தைக் கொண்டுவராது. இவ்வளவு குறுகிய காலம் எடுத்ததைப் படிப்படியாகக் குறைக்கவும் தேவையில்லை, அப்படியே நிறுத்தலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமில்லாத பதற்றம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் காட்டுங்கள். தேவைக்கு மிஞ்சிய தைரொயிட் ஹோர்மோன் தானே நித்திரையைக் கெடுக்கும், பதற்றத்தைக் கிளப்பும். உளப்பிறழ்வில் இருந்து எழும்பி வருகிற ஒருவருக்கு அது இரண்டும் ஆகாது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. உங்கள் தங்கச்சியின் வருத்தம் எந்த நம்பிக்கையோடு தொடங்கியது? சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று. அது உண்மையில்லை என்று நீங்கள் எல்லோரும் மாதக்கணக்காகச் சொன்னீர்கள். விடுதியில் தாதிமார் அவர் முன்னால் உண்டு காட்டியிருப்பார்கள். இப்போது அது உண்மையாகிவிட்டது. கோப்பையின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதை அவர் ஒரு நாள் கண்டால், அதன் பிறகு எந்த வைத்தியர் சொல்லி அவர் நம்புவார்? ஆதாரத்தைப் பார், பார்த்துவிட்டு முடிவெடு என்றுதான் அந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார்.

ஆகவே நிறுத்தினால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். அம்மாவே சொல்வது நல்லது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். நீளமாக வேண்டாம். "உன்ர இரத்தத்தில தைரொயிட் கொஞ்சம் குறைவு மாதிரிக் காட்டினது. நான் பயத்தில என்ர குளிசையைத் தேத்தண்ணியில போட்டுத் தந்திட்டன். கேக்காமல் செய்தது பிழை. இனிச் செய்ய மாட்டன்." இவ்வளவு காணும். அவர் கோபப்படுவார், ஒரு நாள் இரண்டு நாள் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார். குடிக்கட்டும். எப்போது சொல்வது என்பதை மட்டும் முதலில் அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். அவர் தன் முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். உங்கள் தங்கச்சிக்கு 21 வயது. என்ன மருந்து வயிற்றுக்குள் போகிறது என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. வருத்தம் வந்ததால் அந்த உரிமை போய்விடாது.

இன்னொன்று. அம்மாவுக்குக் கிளினிக்கில் குளிசையை எண்ணித்தான் கொடுப்பார்கள். தினமும் இரண்டு என்று எழுதியிருந்தால், ஒன்று மகளின் கோப்பைக்குள் போனபோது அம்மா எத்தனை எடுத்தார்? கேட்டுப் பாருங்கள். பதில் எனக்குத் தெரிந்தது மாதிரித்தான் இருக்கும்.

7.2 என்ன சொல்கிறது

ரி.எஸ்.எச் தைரொயிட்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "இன்னும் கொஞ்சம் சுரந்து விடு" என்று தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை அது. கட்டளை உரக்கப் போகிறது, தைரொயிட் சுரக்கும் சரக்கான ரி4உம் இன்னும் போதுமான அளவு வருகிறது என்பதுதான் 7.2க்கும் 0.95க்கும் சேர்த்துப் பொருள். சரக்கு எல்லையின் கீழ்க்கரையில் நிற்கிறது என்பது உண்மை, ஆனால் எல்லைக்குள் நிற்கிறது. அறிகுறி வெளிப்படாத தைரொயிட் குறைபாடு என்று இதைச் சொல்வோம். ரி.எஸ்.எச் 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் குளிசை தொடங்குவோம். அதற்குக் கீழே என்றால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு: வயது, உடம்பு சொல்லும் குறிகள், தைரொயிட்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா, பிள்ளைப்பேறு எண்ணம் உண்டா என்று. அம்மாவுக்கு இருப்பதால் மகளுக்கும் அந்த எதிர்ப்பொருள் இருக்க வாய்ப்பு கூட.

தைரொயிட் குறைந்தால் மனம் பிறழுமா? பிறழும். 1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில வைத்தியர் அப்படியான 14 பேரைப் பற்றி எழுதினார். வைத்தியம் படிக்கிறவர்களுக்கு இன்றும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது நெடுங்காலம் கவனிக்கப்படாமல் முற்றிப்போன குறைபாடு. முகம் ஊதி, தோல் தடித்து, குரல் கரகரத்து, நாடித் துடிப்பு மெதுவாகிப் போன நிலை. ரி4 இயல்பளவில் இருக்கும்போது இரண்டு மாதம் குரல் கேட்டதற்கும் சாப்பாட்டில் சந்தேகப்பட்டதற்கும் 7.2ஐக் காரணமாகச் சொல்ல என்னால் முடியாது. சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்பது தெரியும்.

அப்புறம், ஒரே ஒரு தடவை எடுத்த இரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கடும் மனநோயால் விடுதியில் சேரும்போதே சிலருக்குத் தைரொயிட் அளவுகள் தற்காலிகமாக ஏறி இறங்கும். ரி.எஸ்.எச் பொழுதுக்குப் பொழுது மாறும். விடியலில் எடுத்ததும் பின்னேரம் எடுத்ததும் ஒன்றாக இராது. முடி வளர என்று விற்கும் பயோட்டின் குளிசை சில ஆய்வுகூட முறைகளில் பெறுபேற்றையே குழப்பிவிடும். அவர் அப்படி ஏதும் எடுக்கிறாரா பாருங்கள். அதனால் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும், அதே ஆய்வுகூடத்தில், காலையில், ரி.எஸ்.எச், ஃப்ரீ ரி4, எதிர்ப்பொருள் மூன்றும். அம்மா கொடுத்த தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஆகவே நிறுத்தி ஆறு கிழமையாவது கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அந்த ஒன்பது நாள் கதையை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால் அவர் தெரியாத கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

கோவாவையும் மரவள்ளிக் கிழங்கையும் வீட்டில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. அயடீன் சேர்ந்த உப்பில் சமைக்கும் வீட்டில், அவித்த கோவாவும் கிழங்கும் அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. மச்சான் கனடாவில் இருந்து அனுப்பப் போகிற கடற்பாசிக் குளிசைதான் வேண்டாம். எதிர்ப்பொருள் இருக்கிறவர்களுக்கு மேலதிக அயடீன் தைரொயிட்டை இன்னும் மந்தமாக்கலாம்.

மச்சான் அனுப்பிய செய்தி

மச்சான் பொய் சொல்லவில்லை. மூளைக்கு இந்த ஹோர்மோன் வேண்டும். இரத்தத்தில் ஓடும் ரி4 மூளைக்குள் போய், அங்கே நரம்புக் கலங்களுக்குத் துணையாக இருக்கும் கலங்களில் ரி3 என்ற வீரியம் கூடிய வடிவமாக மாறி வேலை செய்கிறது. கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம் மூன்றுக்கும் அது தேவை. உளப்பிறழ்வின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம், இயல்பளவுக்கு உள்ளேயே கூட, ரி4 அளவுக்கும் கவனத் திறனுக்கும் தொடர்பு தெரிவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. கவனம் இருந்தால்தானே சிந்தனைப் பயிற்சி மண்டையில் ஏறும்? ஆகவே சிகிச்சையின் பலனோடும் தொடர்பு இருக்குமா என்று தேடுவது நியாயமான கேள்வி.

ஆனால் அளந்து பார்த்த ஆய்வு வேறு, குளிசை கொடுத்துப் பார்த்த ஆய்வு வேறு. ஒரு கூட்டத்தில் ரி4 கூடியவர்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்பதை வைத்து, உங்கள் தங்கச்சிக்குத் தைரொக்சின் கொடுத்தால் அவரும் நன்றாகச் செய்வார் என்று சொல்ல முடியாது. உயரமான பிள்ளைகள் வலைப்பந்தில் நன்றாக விளையாடுகிறார்கள் என்பதற்காகக் குள்ளமான பிள்ளைக்குக் குதியுயர்ந்த செருப்புப் போட்டு விடுவோமா?

இதைவிடவும் முக்கியமான ஒன்றை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் செய்தி முழுக்க, உளப்பிறழ்வு வந்து, அதற்கு மருந்தும் எடுத்து, சிகிச்சைக்கும் போகிறவர்களைப் பற்றியது. சிகிச்சை இன்னும் நன்றாகப் பலிக்க எது உதவும் என்று அது தேடுகிறது. நீங்கள் அதை வைத்தே சிகிச்சையை நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

தூங்கி விழுவது ஏன்

தைரொயிட் குறைந்தால் சோர்வு, நித்திரை, நிறை, மலச்சிக்கல், மந்தம். ஒலன்சபின் எடுத்தாலும் சோர்வு, நித்திரை, நிறை, மலச்சிக்கல், மந்தம். உளப்பிறழ்வு வந்து போன பிறகு மனம் சில மாதம் வெறுமையாகக் கிடக்கும், அப்போதும் சோர்வு, மந்தம். வெளியில் இருந்து பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. இரண்டரை மாதத்தில் ஆறு கிலோ என்றால் என் சந்தேகம் முதலில் ஒலன்சபின் மேல்தான் போகும். 7.2 அவ்வளவு நிறையை ஏற்றாது.

பயிற்சி காலை எட்டரைக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். குளிசையை இரவு பதினொன்றுக்கு, நாடகம் எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கிறீர்கள். விடிய ஆறரைக்கு எழுப்பி பஸ் ஏற்றினால் யாருக்கும் தலை தொங்கும். இரவு எட்டு மணிக்குக் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அளவைக் குறைக்கலாமா, நிறையும் நித்திரையும் குறைவாகக் கொடுக்கும் வேறு மருந்துக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். இதெல்லாம் கேட்கக் கூடிய கேள்விகள், வைத்தியர் கோபிக்க மாட்டார். சீனி, கொழுப்பு, நிறை மூன்றையும் பார்க்கச் சொல்லியும் கேளுங்கள்.

அந்தப் பயிற்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அப்பா அதை "சும்மா கதைச்சுக்கொண்டு இருக்கிறது" என்று சொல்கிறாராம். ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஸ்டெஃபன் மொரிட்ஸ் குழுவினர் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது, எங்கள் குழுவிலும் அதில் இருந்து எடுத்துச் செய்கிறோம். இரண்டு சட்டி. ஒன்றில் முழுப் புளியங்கொட்டை கூட, தாயம் விளையாடத் தேய்ப்போமே, அந்த வெள்ளைக் கொட்டை குறைவு. மற்றதில் மாறி. சட்டியைக் காட்டாமல் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் காட்டி, எந்தச் சட்டி என்று கேட்போம். சிலர் முதல் கொட்டையிலேயே "இதுதான்" என்பார்கள். இன்னும் நாலு கொட்டை பார்த்திருக்கலாமே என்று அவர்களுக்கே தெரிய வரும் நேரத்தில் குழுவில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடுதான் பக்கத்து வளவில் கேட்ட சத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவோம். விளையாட்டு மாதிரித் தெரியும். அவசரப்பட்டு முடிவுக்குப் பாயும் பழக்கத்தை இப்படித்தான் தளர்த்த வேண்டியிருக்கிறது.

ஆறு தடவையில், அதுவும் அரைத் தூக்கத்தில், பலனை எதிர்பார்ப்பது கூடுதலான ஆசை. உளப்பிறழ்வுக்கு ஆளுக்கு ஆள் செய்யும் அறிகைச் சிகிச்சையை (எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) இங்கிலாந்தில் குறைந்தது 16 அமர்வு என்று வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தாளைத் திறப்பதில்லை என்று குழு நடத்துகிறவரிடம் சொல்லுங்கள். ஒரு தாளை மூன்று துண்டாக்கித் தரச் சொல்லுங்கள். பின்னேரம் அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் செய்யுங்கள், பத்துக்கு மேல் வேண்டாம். பின்னேரக் குழு ஏதும் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஒலன்சபினை நிறுத்தினால்

குரல் இரண்டரை மாதமாகக் கேட்கவில்லை, ஆகவே குளிசை தேவையில்லை என்பது அப்பாவின் கணக்கு. குளிசை எடுப்பதால்தான் கேட்கவில்லை என்பது என் கணக்கு. முதல் தடவை வந்த உளப்பிறழ்வுக்குச் சுகமான பிறகும் ஒன்று இரண்டு வருடம் மருந்து தொடரச் சொல்வோம். அதற்கு முன் நிறுத்தியவர்களுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு கூட. நிறுத்திய அடுத்த நாள் ஒன்றும் நடக்காது, அதுதான் ஆளை ஏமாற்றும். கிழமைகள், சில வேளை மாதங்கள் போகும். எல்லோரும் "பார்த்தியா, ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நித்திரை குறையத் தொடங்கும். குறைப்பதென்றாலும் வைத்தியரோடு சேர்ந்து மெதுவாகத்தான்.

இரண்டாவது இரத்தத்திலும் தைரொயிட் குறைவு என்று வந்து தைரொக்சின் எழுதிக் கொடுத்தால், அதை ஒலன்சபினோடு சேர்த்தே எடுக்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றது என்று வராது. தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி. இரும்புச் சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. தேத்தண்ணிக்குள்ளேயே கலந்து கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து வருடமாக எடுக்கும் அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

இரண்டு இரவு தொடர்ந்து நித்திரை இல்லை, சாப்பாட்டைத் திரும்பத் தள்ளுகிறார், குரல் ஏதோ செய்யச் சொல்கிறது, சாவைப் பற்றிக் கதைக்கிறார் என்றால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். காய்ச்சலோடு தடுமாற்றம், வலிப்பு வந்தாலும் அப்படித்தான், அது மூளை அழற்சியாகவும் இருக்கலாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. கதைத்து ஆலோசனை கேட்க 1926.

மாப்பிள்ளை வீட்டாருக்கு

இந்தக் கேள்வியை எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்தது என்று போட்டிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளின் வாழ்க்கையையும் ஊர் எடை போடும் என்பது எனக்குத் தெரியாததா.

தங்கச்சியின் வைத்தியக் குறிப்பு தங்கச்சிக்குச் சொந்தமானது. புரோக்கருக்கோ பெரியம்மாவுக்கோ அதைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "அவளுக்குச் சுகமில்லாமல் இருந்தது, மருந்து எடுக்கிறாள், இப்ப பரவாயில்லை" என்றால் அதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டப் போகிறவர் பிறகு உங்களிடம் நேரே கேட்டால், எவ்வளவு சொல்வது என்று தங்கச்சியிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "தைரொயிட்" என்று பெயர் மாற்றிச் சொல்வதில் எனக்கு இருக்கும் சிக்கல் இதுதான்: ஊருக்குச் சொன்ன பெயரை வீடும் நம்பத் தொடங்கும். மனநல கிளினிக் நாளை ஒரு தடவை விடுவீர்கள், பிறகு இரண்டு தடவை. அப்படி வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு இவற்றையும் கொண்டுபோங்கள்: அந்த இரத்தப் பெறுபேற்றுத் தாள், அம்மாவின் தைரொக்சின் மட்டை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை கொடுத்தது என்ற குறிப்பு, ஒரு கிழமைக்குத் தங்கச்சி எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்பினார் என்று நீங்கள் எழுதிய கணக்கு. ஆறு கிழமை கழித்து இரத்தம் கொடுக்கப் போகும் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரைவாசி மருந்தில் இருந்தவருக்கும் ரி.எஸ்.எச் பார்க்க வேண்டும். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோனால் இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டுக் குடிக்கலாம், தங்கச்சியே ஊற்றட்டும்.